லைன்ல ஆள் இருக்காங்க

எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு செய்தித்தாள் துணுக்கு தொங்குகிறது. லேமினேட் செய்து நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார்கள். ஏற்காடு மலைப்பாதையில் மாணவர்கள் பிளாஸ்டிக் பொறுக்கிய செய்தி. படத்தில் 34 பிள்ளைகள், எட்டு சாக்கு மூட்டை, ஓரத்தில் முகமெல்லாம் வியர்வையோடு நான். கீழே '41 கிலோ' என்று போட்டிருக்கிறது. அந்த 41ஐ நிருபரிடம் எங்கே நின்றுகொண்டு சொன்னேன் என்பது செய்தியில் இல்லை. அதனால் ஓராண்டுக்கு மேல் அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியில் பார்க்க ஒன்றுமில்லை.

பள்ளி மலை அடிவாரத்துப் பக்கம். நான் அங்கே அறிவியல் ஆசிரியை, சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பு. பல பள்ளிகளில் இந்த மன்றத்துக்கு ஒரு பதிவேடும், ஜூன் 5ஆம் தேதிக்கு ஒரு மரக்கன்றும் இருந்தால் போதும். கன்று போன வருடம் வைத்த அதே குழியில்தான் பெரும்பாலும் போகும். இதில் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. சேலத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த எதற்குப் படம் வரைய வேண்டும், எதிரே மலையே நிற்கிறதே என்று நினைத்தேன். தலைமை ஆசிரியையிடம் கேட்டு, வனத்துறையில் அனுமதி வாங்கி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, சில சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வேனில் ஏற்றி மலைப்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். வளைவுகளில் சாலை ஓரம் அகலமாக இருக்கும் இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டி, கையுறையோடு இறங்குவோம்.

என்ன கிடைக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், பிறந்தநாள் கேக் வெட்டிய தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், குழந்தைகளின் டயப்பர், உடைந்த பீர் பாட்டில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தெர்மாகோல் தட்டும் உறிஞ்சுகுழலும் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை வந்தது. மலை ஏறி வருகிறவர்களின் கார் டிக்கியில் அந்த மஞ்சப்பையும் இருக்கும், அதற்குள்ளேயே தெர்மாகோல் தட்டும் இருக்கும்.

பிள்ளைகளுக்கு நான் காட்ட நினைத்தது தண்ணீரின் வழி. மலையில் விழுகிற மழை ஓடைகளாக இறங்கிக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு வருகிறது. அந்த ஏரியை 2010இல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் எழுப்பி மரம் நட்டார்கள். இன்றைக்கு அங்கே கொக்கும் நாரையும் உட்காருகின்றன. திருமணிமுத்தாறும் இதே சேர்வராயன் மலையில் பிறந்ததுதான், ஊருக்குள் வந்து சேர்ந்தபின் அதற்கு அந்த ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. எட்டாவது வளைவில் ஒருவர் கார் கண்ணாடியை இறக்கி ஒரு பாக்கெட்டை வீசுகிறார். அதன் கணக்கு கீழே ஏரிக்கரையில் இருக்கிறவர் தலையில் எழுதப்படுகிறது. வீசியவர் அதற்குள் ஏற்காட்டில் படகு விட்டுக்கொண்டிருப்பார். இதை நான் வகுப்பில் நன்றாகச் சொல்வேன், கொஞ்சம் நாடகமாகவே சொல்வேன். பிள்ளைகள் வீசுகிற கார்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். அவ்வளவு கோபம் அவர்களுக்கு. அந்தக் கோபத்தை ஊட்டியதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பதாவது வளைவு

அந்தச் சனிக்கிழமை வேலை முடிய நாலரை ஆகிவிட்டது. இன்னொரு ஆசிரியை பிள்ளைகளோடு வேனில் முன்னால் இறங்கிவிட்டார். வேனில் இடமில்லாமல் மிஞ்சிய இரண்டு மூட்டையை என் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, கயிறு போட்டு முன் கொக்கியில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் கிளம்பினேன். கியர் இல்லாத வண்டி. மலையேறும்போது அதன் குறை அவ்வளவு தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். கியர் வண்டியென்றால் ஏறிய கியரிலேயே இறங்கலாம், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதில் முழுப் பாரமும் பிரேக் மேல்தான். என் வண்டியில் இடது கைப் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு மட்டும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

பதினான்காவது வளைவு தாண்டியதும் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தித்தான் எடுத்தேன். எடுத்தவுடன், பரவாயில்லையே, நின்றுதானே பேசுகிறோம் என்று எனக்கு நானே ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. காலையில் வந்து படம் எடுத்துக்கொண்டு போன உள்ளூர் நிருபர். இன்னும் அரை மணி நேரத்தில் செய்தி அனுப்பியாக வேண்டும் என்றார், பாவம், அவருக்கு அவருடைய அவசரம். இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று எனக்கு என் அவசரம். ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொள்கிற வித்தை நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அடுத்த நான்கு வளைவுகள் எனக்கு நினைவில்லை. மங்கலாக நினைவிருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, சுத்தமாக இல்லை. 13, 12, 11, 10 என்று எண் எழுதிய பலகைகள் இருக்கின்றன, எதிரே கார்கள் வந்திருக்கும், ஹாரன் அடித்திருப்பேன், வளைத்திருப்பேன். என்ன பேசினேன் என்பது மட்டும் வரிவரியாக நினைவிருக்கிறது. நிருபர் கேட்டார், குரங்குக்கு ஒரு பிஸ்கட் போட்டால் என்ன மேடம் தப்பு, சனங்க ஆசையாத்தானே போடறாங்க என்று. நான் உற்சாகமாகிவிட்டேன். இது நம் தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக்குரங்கு, உலகத்தில் வேறெங்கும் கிடையாது, காட்டுக்குள் பழமும் இலையும் பூச்சியும் தின்று பிழைக்கத் தெரிந்தது, நாம் சாலை ஓரத்தில் தின்பண்டம் போடுவதால்தான் அது சாலைக்கு வருகிறது, சாலைக்கு வந்தால் வண்டியில் அடிபடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். 'வண்டியில் அடிபடுகிறது' என்ற இடத்தில் சாலையில் ஒரு சின்னக் குழி. போன் நழுவியது. இடது கை பிரேக்கை விட்டுவிட்டுப் போனைப் பிடிக்கப் போனது. நான் அனுப்பி அது போகவில்லை, தானாகப் போனது. எதிரே ஒன்பதாவது வளைவு. தடுப்புச் சுவரிலிருந்து வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்க் குரங்கு சாலையில் குதித்தது. இதை யாராவது கதையாக எழுதிக் கொடுத்திருந்தால், ரொம்ப ஜோடனை என்று திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வலது கைப் பிரேக்கை அழுத்தியதும் முன் சக்கரம் மட்டும் நின்றது. வண்டி சாய்ந்து ஓரத்து வடிகாலில் போய் முட்டியது. வேகம் அதிகமில்லை, முழங்கால் தேய்ந்தது, உள்ளங்கை தேய்ந்தது, அவ்வளவுதான். கயிறு அறுந்து இரண்டு மூட்டையும் வாய் பிளந்துகொண்டன. காலையிலிருந்து பிள்ளைகள் குனிந்து குனிந்து பொறுக்கிய அத்தனையும் அந்த வளைவு முழுக்கப் பரவிக் கிடந்தது. கீழிருந்து ஏறிக்கொண்டிருந்த அரசுப் பேருந்து என்னிடமிருந்து ஒரு வண்டி நீளத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றிருந்தது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன். குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அது நேராக என் மூட்டைக்கு வந்து, கிரீம் பிஸ்கட் கவர் ஒன்றை எடுத்துக்கொண்டு சுவர்மேல் ஏறி, குட்டியை ஒரு கையால் அணைத்தபடி அதை நிதானமாகப் பிரித்து உள்பக்கத்தை நக்கியது.

டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. முதலில் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அப்புறம் சாலை நடுவில் கிடந்த என் போனை எடுத்து, சட்டையில் துடைத்து, திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"லைன்ல ஆள் இருக்காங்க போலிருக்குங்க. பேசி முடிச்சுருங்க."

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். போனைக் காதில் வைத்தேன். "ஹலோ, மேடம்? எத்தனை கிலோன்னு மட்டும் சொல்லிருங்க" என்றது போன். "நாப்பத்தியொண்ணு" என்றேன். முழங்காலிலிருந்து ரத்தம் செருப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்திலிருந்து நான்கைந்து பேர் இறங்கி எதுவும் பேசாமல் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று கிலோ சொல்லிக்கொண்டிருந்தேன். விழுந்தது, முழங்கால், குரங்கு எல்லாம் எனக்கு மறந்துவிடும். அந்தப் பதிலைச் சொன்னேனே, அதுதான் மறக்க மாட்டேன் என்கிறது. போனில் ஒருவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று எனக்குள் எது அப்படி உட்கார்ந்திருக்கிறது?

படித்ததும் மறைத்ததும்

வீட்டில் படியில் சறுக்கிவிட்டது என்று சொன்னேன். அம்மா மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை பள்ளியில் கைதட்டினார்கள். செய்தி பலகைக்குப் போனது.

மறைத்து வைத்திருக்கிற விஷயத்தைப் பற்றித்தானே மனுஷன் அதிகம் படிப்பான். நானும் படித்தேன். கனடாவில் டொரண்டோவில் 1997இல் வெளியான ஒரு ஆய்வு. கைப்பேசி வைத்திருந்து, விபத்திலும் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை வாங்கி, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பேசுகிற நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் என்னை உட்கார வைத்தது. அதுவரை, ஒரு புளூடூத் இருந்திருந்தால் இடது கை பிரேக்கை விட்டிருக்காது என்றே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். கை பிரேக்கிலேயே இருந்திருக்கலாம். அந்த நான்கு வளைவுகள்? கண் திறந்துதான் இருந்தது, பார்த்துக்கொண்டுதான் வந்தேன், ஆனால் எதுவும் உள்ளே போகவில்லை. பேச்சு கவனத்தைத் தின்றுவிட்டால் கண் முன்னால் இருப்பதே மூளையில் பதியாது என்று பரிசோதனை செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதற்கும் போனில் பேசுவதற்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி எனக்கும் வந்தது. பின்னால் இருப்பவர் வளைவைப் பார்க்கிறார். வளைவு வந்தால் அவர் வாய் தானே மூடிக்கொள்ளும், லாரி வந்தால் 'மெதுவா, மெதுவா' என்று அவரே சொல்வார். போனில் இருப்பவருக்கு வளைவு தெரியாது. நிருபர் தன் மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு குரங்கைப் பற்றிக் கேட்கிறார். அவரைப் பொறுத்தவரை நானும் எங்கோ ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சட்டத்தையும் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவை 2019இல் திருத்தி, கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலின் கீழ் சேர்த்துவிட்டார்கள். முதல் தடவைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2020 அக்டோபர் முதல் வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் கெடாதபடி, போனைப் பயன்படுத்தலாம் என்று விதி. சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015லேயே இதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறது. 2022இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்து நம் மாநிலத்தில்தான், 64,105. செத்தவர்கள் 17,884 பேர். எல்லாம் போனால் வந்தவை என்று சொல்ல வரவில்லை, வேகமும் குடியும் இருக்கின்றன. ஆனால் அந்த 41 கிலோவுக்காக என் பெயர் இந்தக் கணக்கில் ஏறியிருந்தால் எந்தப் பத்தியில் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தேன். 'அதிவேகம்' என்று எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உறுதிமொழி

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம். பிரார்த்தனைக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கும் வேலை என்னிடம் வந்தது. வலது கையை நீட்டி, வாகனம் ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்த மாட்டேன் என்று நான் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். வாசித்து முடித்துவிட்டேன். நடுவில் குரல் உடைந்து உண்மையைக் கொட்டிவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. அன்று மூன்றாவது பாடவேளை ஒன்பதாம் வகுப்பு, இயக்கம் பற்றிய பாடம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குச் சுமார் 11 மீட்டர் என்று கரும்பலகையில் போட்டேன். மூன்று நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர். வெளியே போய் அளந்து பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். வேப்பமரத்திலிருந்து டேப் பிடித்தோம், 33 மீட்டர் கழிப்பறைச் சுவரில் போய் முடிந்தது. ஒரு பையனின் கண்ணைக் கட்டி வேப்பமரத்திலிருந்து நடக்கச் சொன்னேன். பாதித் தூரத்தில் பக்கவாட்டில் போய் சைக்கிள் வரிசையில் இடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், ஒன்றும் யோசிக்காமல், "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று ஆரம்பித்துவிட்டேன்.

ஞானமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. "குரங்குக்கு என்ன ஆச்சு டீச்சர்?" என்று பத்துப் பேர் கேட்டார்கள். "போன் உடைஞ்சுதா? என்ன போன் டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். காலையிலிருந்து நாங்கள் பொறுக்கியதை நீங்கள் கொட்டிவிட்டீர்களா என்று ஒருத்திக்கு உண்மையிலேயே கோபம். அப்போது சைக்கிளில் இடித்த அந்தப் பையன் கண்கட்டை அவிழ்த்தபடி, புகார் சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னான்: "எங்கப்பாவும் அப்படித்தான் டீச்சர் பேசுவாரு. நீங்க சாக்கு கொண்டாரச் சொல்லி போன் பண்ணீங்கல்ல, அன்னிக்கு அஞ்சு ரோடு மேம்பாலத்து மேல போய்ட்டிருந்தோம். நான்தான் பின்னாடி உக்காந்திருந்தேன்."

அந்த அழைப்பு எனக்கு நினைவிருந்தது. மலைக்குப் போவதற்கு முந்தின வாரம். அவர் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறார், பழைய சாக்கு கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். சாக்கு என்று ஆரம்பித்து, பிளாஸ்டிக், மூக்கனேரி, பெற்றோரின் பங்கு என்று என் வழக்கப்படி ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். அவர் 'சரிங்க டீச்சர், ஆகட்டுங்க டீச்சர்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. கேட்டது எனக்கு. கடைத்தெருவில் நிற்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மகனின் டீச்சர் கூப்பிட்டால் எந்த அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு எடுக்காமல் இருப்பார்? எடுத்துவிட்டு, அப்புறம் பேசறேன் டீச்சர் என்று எந்த வாயால் சொல்வார்?

பிளாஸ்டிக்கில் இந்த இடத்துக்கு நாம் எப்போதோ வந்துவிட்டோம். வீசுகிற கையை மட்டும் பிடித்துப் பயனில்லை, அந்தக் கையில் பாக்கெட்டைக் கொடுத்தவரையும் கேட்க வேண்டும் என்று 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளே சொல்கின்றன. தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், பெயர் போட்டு விற்றவர் எல்லாரும் அந்தக் கழிவைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு. அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை, மலைப்பாதைக்கு வந்தால் தெரியும். ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்பதிலாவது தெளிவு இருக்கிறது. போன் விஷயத்தில் சட்டம், உறுதிமொழி, சுவரொட்டி எல்லாமே ஓட்டுகிறவரைப் பார்த்துத்தான் விரல் நீட்டுகின்றன. கூப்பிட்டவர் எங்கேயும் வருவதில்லை. கார் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்த என் பிள்ளைகள், என் எண்ணை அப்பாவின் போனில் பார்த்திருக்கிறார்கள். வீசியவர் படகு விடுகிறார், கணக்கு கீழே இருப்பவர் தலையில் என்று நாடகமாகச் சொன்னேனே, மேம்பாலத்தின் மேல் அந்தப் பையன் பின்னால் உட்கார்ந்திருந்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அன்று இரவு என் போனில் அழைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பெற்றோரைக் கூப்பிட்டதில் பெரும்பாலானவை மாலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள். பள்ளி முடிந்து எனக்கு ஓய்வு கிடைக்கும் நேரம், அவர்கள் வேலை முடிந்து வண்டியில் வீட்டுக்குப் போகும் நேரம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நேராகவே கேட்டேன், நான் கூப்பிட்டபோது வண்டியில் இருந்தவர்கள் யார் என்று. முதலில் யாரும் கை தூக்கவில்லை, டீச்சருக்கு வருத்தமாகிவிடும் என்று. ஒரு அம்மா மட்டும் பாதி தூக்கினார். அதைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கூப்பிடுகிறவர்கள்

இப்போது என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, 'வண்டியிலயா இருக்கீங்க?' ஆமாம் என்றாலோ, இல்லை என்று சொல்லியும் பின்னால் காற்றுச் சத்தம் கேட்டாலோ, வைத்துவிட வேண்டும். பதில் சொல்லக் காத்திருக்கக் கூடாது, 'ஒரு நிமிஷம்தான்' என்று கெஞ்சக் கூடாது. பிள்ளைகள் இதை விளையாட்டு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் காற்றுச் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டு, அவர் வண்டியை நிறுத்தித் திரும்பக் கூப்பிட்டால் 'சும்மாதான்' என்று சொல்லித் திட்டு வாங்கியவர்கள் உண்டு. இதில் என்ன பலன் வந்தது என்று என்னிடம் கணக்கு இல்லை, எடுக்கவும் முயலவில்லை. கிலோவில் சொல்ல முடியாத வேலை இது.

என் கணவருக்கு இதில் பாதிதான் சம்மதம். அவசரத்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்கிறார். அவசரம் என்று நான் கூப்பிட்ட கடைசி இருபது அழைப்பில் பால் பாக்கெட் எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி சாப்பாடு கொண்டுவருகிற பையன்களுக்கு ஹேண்டில்பாரில் மாட்டிய போன்தானே முதலாளி? வழி சொல்வது அது, அடுத்த ஆர்டர் தருவது அது, பத்து நிமிடம் தாமதமானால் வாடிக்கையாளர் கூப்பிடுவதும் அதில்தான். ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர்களும் அப்படித்தான், அறை எடுத்தவர் 'எங்கே வந்துட்டு இருக்கீங்க' என்று வளைவுக்கு ஒரு முறை கூப்பிடுகிறார். எடுக்காவிட்டால் அடுத்த சவாரி கிடைக்காது. அவர்களைப் பார்த்து எந்த உறுதிமொழியை வாசிப்பது? நான் செய்யக்கூடியது, சாப்பாடு ஆர்டர் போட்டுவிட்டு 'எங்கப்பா இருக்கே' என்று கூப்பிடாமல் இருப்பது. பசியோடு அதைச் செய்வது அவ்வளவு சுலபமில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் மறுபடி மலைக்குப் போனோம். இந்த முறை கிலோ எடை போடவில்லை, தராசை எடுத்துப் போகவே இல்லை. இறங்கும்போது போனை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பதினாறாவது வளைவில் அது அடிக்க ஆரம்பித்தது. சத்தம் கேட்கவில்லை, உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதிர்வு தெரிந்தது. நின்றது, மறுபடி அடித்தது. யாருக்கு என்ன ஆச்சோ என்று வயிற்றைப் பிசைந்தது. இரண்டு கையும் பிரேக்கில் இருந்தன. ஒன்பதாவது வளைவில் சுவர்மேல் வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன, பேன் பார்த்துக்கொண்டு. அடிவாரத்து செக்போஸ்ட் தாண்டி, டீக்கடை முன்னால் நிறுத்தி, சீட்டைத் திறந்து பார்த்தேன். ஏழு அழைப்பு, ஏழும் அம்மா. கை நடுங்கக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றார் அம்மா. "எத்தனாவது வளைவுல வர்றேன்னு கேக்கத்தான் போட்டேன்."